மூலிகைப் பொடி சாப்பிட ஆரம்பித்தால் சிக்கிள் செல் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். உங்கள் ஊர் அஞ்செட்டிப் பக்கம். தம்பிக்கு 19 வயது, ஓசூரில் ஒரு கம்பெனியில் பயிற்சியாளர். பள்ளியில் படிக்கும்போதே அரிவாள் செல் ரத்தசோகை (சிக்கிள் செல்) என்று கண்டுபிடித்து, இப்போது தினமும் அதற்கான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுகிறான். உறவினர் ஒருவர் அழைத்துப் போன மலை வைத்தியர், பொடியும் லேகியமும் கொடுத்து, "மூணு மண்டலம் சாப்பிட்டா வேரோட போயிடும், இங்கிலீஷ் மாத்திரையை மட்டும் நிறுத்திடணும்" என்று சொல்லியிருக்கிறார். நிறுத்தலாமா, இல்லை இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்கிறீர்கள். இதையெல்லாம்விட என் கண்ணில் நின்றது நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான்: "டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று பயப்படுகிறான்." அப்படியானால் அவன் பொடியை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். அதை வைத்தே பதில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அரசு மருந்தகங்களில் இருபது வருஷத்துக்கு மேல் மருந்து கொடுத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மலையடிவார ஊர்கள். எந்த டோஸ், எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதெல்லாம் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் மருந்துச் சன்னலில் நிற்பவனுக்கு டாக்டருக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியும். ஒரு மாதத்துக்கு வாங்கிப்போன மாத்திரை மூன்று மாதம் கழித்தும் தீராமல் இருப்பது, பை திறக்கும்போது உள்ளே தெரியும் காகிதப் பொட்டலம், இதெல்லாம் எங்கள் கண்ணில்தான் படும். பச்சிலை வைத்தியத்தைக் கேலி செய்யும் ஆளும் இல்லை நான். எங்கள் ஆயா கொடுத்த கஷாயம் குடித்து வளர்ந்தவன்தான்.

சுருக்கமான பதில்: மாத்திரையை நிறுத்தக் கூடாது. பொடியை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. இந்த இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஏனென்றால் நான் பார்த்தவரையில் மறைக்க ஆரம்பித்த பையன்கள்தான் கொஞ்ச நாளில் நிறுத்தவும் நிறுத்தினார்கள்.

நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் "வேரோட போயிடும்" என்ற பேச்சை எடைபோடுவது சுலபம். ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கும் ஹீமோகுளோபினைச் செய்வதற்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அந்தக் குறிப்பில் ஓர் எழுத்து மாறிவிடுவதால், ஹீமோகுளோபினில் ஓர் இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் பிழை. அந்தப் பிழையை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடத்துபவர், அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆக்சிஜன் குறையும் இடத்தில் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுவைக் கதிர் அரிவாள் மாதிரி வளைத்துவிடுகிறது. வளைந்த அணு சின்னக் குழாய்களில் சிக்கிக்கொண்டால் அதுதான் உங்கள் தம்பிக்கு வரும் கை கால் குடைச்சல். சாதாரணமாக 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் உடைந்துபோவதால்தான் வெளுப்பும் கண் மஞ்சளும். இது ஏதோ ஆப்பிரிக்க நோய் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் முதன்முதலில் இது பதிவானது 1952இல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையுள்ள 7 கோடி பேருக்குப் பரிசோதனை என்று இலக்கு வைத்ததும் பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளை மனதில் வைத்துத்தான்.

பிழை இருப்பது எலும்பு மஜ்ஜையில், ஒவ்வொரு அணுவையும் செய்யும் மரபணுவில். அதை எந்தப் பொடியும் திருத்தாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொருத்தமானவரிடமிருந்து மஜ்ஜை எடுத்து மாற்றுவது ஒரு வழி. மரபணுவையே திருத்தும் சிகிச்சைகளுக்கு 2023 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதன் விலை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாதது. இவை இரண்டையும் விட்டால் "குணம்" என்ற சொல்லுக்கு இந்த நோயில் இப்போதைக்கு இடமில்லை. மூன்று மண்டலத்தில் குணமாகும் என்று யார் சொன்னாலும், சித்த மருத்துவரோ, அலோபதி டாக்டரோ, யூடியூப்காரரோ, அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

வேரை எடுக்க முடியாவிட்டாலும் வலியைக் குறைக்கவாவது மூலிகையால் முடியுமா? இங்கேதான் உறுதியான நிலம் முடிகிறது. உலகத்திலேயே இந்த நோயோடு அதிகக் குழந்தைகள் பிறக்கும் நாடு நைஜீரியா. அங்கே இளவயதுக்காரர்கள் ஆஸ்பத்திரி மருந்தோடு மூலிகையும் சேர்த்துக்கொள்வது சகஜம். அங்குள்ள அரசு மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பாரம்பரிய வைத்தியரின் கைமுறையை எடுத்து நிப்ரிசான் என்ற மருந்தை உருவாக்கியது. அதில் இருந்தவை நான்கு: கிராம்பு, சோளப் பயிரின் இலை, மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் ஒருவகை மிளகு, நம் வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் தண்டு. சிறிய அளவில் நடந்த ஆய்வில் கடும் வலி வருவது குறைந்ததாகத் தெரிந்தது. இன்னொரு மருந்து சிக்லாவிட். அதன் முக்கியச் சரக்கு என்ன தெரியுமா? துவரை. நம் மானாவாரிக் காட்டில் விளையும் அதே துவரை. குழந்தைகளிடம் ஆய்வு செய்தார்கள், கொஞ்சம் பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்து அலசிப் பார்த்த மருத்துவ மதிப்பாய்வுகள், இவ்வளவு சிறிய ஆய்வுகளை நம்பிப் பரிந்துரைக்க முடியாது, இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற இடத்தில்தான் நிற்கின்றன. நானும் அங்கேதான் நிற்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நாளைக்குச் சோளத் தாளை அரைத்துக் குடிக்க யாரும் கிளம்பிவிடக் கூடாது. இளஞ்சோளம் மேய்ந்த மாடு என்ன ஆகும் என்று நம் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார். அதில் சயனைடு ஊறும். செடியின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. எந்தப் பருவத்து இலை, எப்படிப் பக்குவம் செய்தது, எவ்வளவு என்பதில்தான் மருந்தும் விஷமும் பிரிகின்றன. அதே மாதிரி, தினமும் சாம்பார் சாப்பிடுவதும் துவரைச் சாறை மருந்தாக எடுப்பதும் ஒன்றில்லை.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழும். "இந்த இலைச் சாறு அணு வளைவதைத் தடுக்குதுன்னு லேப்ல நிரூபிச்சிருக்காங்க." கண்ணாடிக் குழாயில் அப்படித் தடுக்கும் செடிகள் பல இருக்கின்றன, அது பொய்யில்லை. ஆனால் வாக்ஸெலோடர் என்ற கம்பெனி மருந்தின் கதையைக் கேளுங்கள். அணு வளையாமல் தடுப்பதற்கென்றே செய்தது. ஹீமோகுளோபின் நன்றாக ஏறியது. 2019இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 2024 செப்டம்பரில், பிந்தைய ஆய்வுகளில் வலி நெருக்கடிகளும் மரணங்களும் அதிகமாகத் தெரிந்ததால் கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கோடிக்கணக்கில் செலவழித்து, ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருந்த மருந்துக்கே இந்தக் கதி. காகிதத்தில் மடித்துத் தரும் பொடியை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

பிறகு ஏன் "சாப்பிட்டேன், நின்னுடுச்சு" என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த நோயின் குணமே வந்துவந்து போவது. அதிலும் இந்தியாவில் காணப்படும் வகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தாயின் வயிற்றில் இருக்கும்போது சுரக்கும் கருநிலை ஹீமோகுளோபின் நம் நோயாளிகளிடம் பிற்காலத்திலும் கூடுதலாகவே தங்கியிருக்கும். அது வளையாது, பக்கத்தில் இருப்பதையும் கோக்க விடாது. அதனால் நம் ஆட்களில் சிலருக்கு வருஷக்கணக்கில் வலி வராமலே இருப்பதுண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரிடம் ஓடுகிறோம். அதற்குப் பிறகு குறைவது இயற்கை. பத்தியம் என்று சொல்லிப் பையன் குடியை விடுகிறான், நேரத்துக்குத் தூங்குகிறான், வேலைக்கு லீவு போடுகிறான். போதாததற்கு, முன்பு சாப்பிட்ட ஹைட்ராக்ஸியூரியாவின் பலன் நிறுத்திய அன்றே போய்விடாது, கொஞ்ச நாள் ஓடும். பேர் மட்டும் பொடிக்குப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படித்தான் ஆடி மாதம் நிறுத்தினான். புரட்டாசியில் வந்து "அண்ணா, ஒரு மாத்திரை இல்லாம நல்லா இருக்கேன்" என்று சிரித்தான். மார்கழிக் குளிரில், நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் தளிப் பக்கம் வீடு திரும்பிய ஒரு விடியற்காலையில், நெஞ்சு வலியோடு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தான். பிழைத்துக்கொண்டான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.

இனி, பொட்டலத்துக்குள் இருக்கக்கூடிய ஆபத்துகள். முதலில் இரும்பு. ரத்தம் குறைவு என்றாலே இரும்புச் சத்து என்று நம் எல்லோர் மண்டையிலும் ஏறிப்போயிருக்கிறது. நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹீமோகுளோபின் 7 என்று சீட்டோடு வந்த ஓர் இளைஞனுக்கு, பழைய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், வழக்கம்போல் இரும்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். அவன் ஏற்கெனவே பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவன். ஏற்றும் ஒவ்வொரு பாட்டில் ரத்தத்தோடும் இரும்பு உடம்பில் சேரும், வெளியேற வழியில்லை. அது கல்லீரலிலும் இருதயத்திலும் போய்ப் படியும். சித்த மருத்துவத்தில் வெளுப்புக்குப் பாண்டு என்று பெயர். அதற்குத் தரும் அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் இரண்டுமே இரும்புச் சரக்குதான். இரும்புக் குறைபாட்டுக்கு அவை சரி. அரிவாள் செல் நோயில் அணு உடைவதால் வரும் வெளுப்புக்கு அவை பதில் இல்லை. உங்கள் தம்பிக்கு ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, இரும்பு நிஜமாகவே குறைவு என்று தெரிந்தால் ஒழிய, மாத்திரையாகவோ லேகியமாகவோ இரும்பு வேண்டாம். இந்த நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் 7, 8 என்று இருப்பது பல சமயம் அவர்களின் வழக்கமான அளவே. அந்த எண்ணை மட்டும் பார்த்து யாரும் பதறக் கூடாது.

அடுத்தது கண் மஞ்சள். இதில்தான் நம் ஊரில் அதிகம் ஏமாறுகிறோம். கண் மஞ்சளாக இருந்தால் காமாலை, காமாலை என்றால் கீழாநெல்லி, இல்லையென்றால் கையில் சூடு. கீழாநெல்லியைப் பற்றிச் சென்னையில் ஆய்வு செய்து 1988இல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டது நிஜம். ஆனால் அது ஹெபடைடிஸ் பி கிருமியைப் பற்றியது, பிறகு மற்ற இடங்களில் செய்தபோது அதே பலன் வரவும் இல்லை. தம்பியின் கண் மஞ்சள் சிவப்பணு உடைவதால் வருவது. கல்லீரலைக் கழுவினாலும் அணு உடைந்துகொண்டுதான் இருக்கும். மஞ்சள் போகவில்லை என்று ஒரு பெண் குழந்தைக்கு மூன்று தடவை கீழாநெல்லி, நான்காவது தடவை இரண்டு கையிலும் சூடு வைத்துக் கொண்டுவந்தார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. இந்த நோயாளிகளுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் சகஜம். மஞ்சள் திடீரென்று கூடி, வலது விலாவுக்குக் கீழே வலியும் இருந்தால் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர் வற்றுவது. வைத்தியம் ஆரம்பிக்கும்முன் "வயிறு சுத்தம்" என்று பேதிக்குக் கொடுப்பார்கள். நிலாவாரையோ விளக்கெண்ணெயோ, எதுவானாலும் நாலைந்து தடவை போனால் உடம்பு வற்றும். வற்றினால் ரத்தம் தடிக்கும், அணு வளையும். நெருஞ்சில், சிறுபீளை மாதிரி சிறுநீரைப் பெருக்கும் கஷாயங்களும் இதே கதைதான். இந்த நோயில் சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கும் சக்தியை முன்பே இழந்திருக்கும். அதனால்தான் இவர்களில் பலர் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பது. உப்பில்லாப் பத்தியம், ஒருவேளைச் சாப்பாடு என்பதும் 19 வயதுப் பையனுக்குத் தேவையில்லாத தண்டனை. சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று விழுந்து விழுந்து சாப்பிட்டதில், மும்பையிலும் பிற ஊர்களிலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாதரசம், கந்தகம், பாஷாணம் சேர்ந்த பற்பங்களை முறைப்படி முடிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நல்ல சித்த மருத்துவரே சொல்வார். பெயரில்லாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நடக்கிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வலி பறந்துவிட்டது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான்.

ஹைட்ராக்ஸியூரியாவோடு இந்தப் பொடி சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை அதற்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. என் கவலை இதுதான். ஹைட்ராக்ஸியூரியாவே வெள்ளையணுக்களையும் தட்டணுக்களையும் குறைக்கக்கூடியது, அதற்காகத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். பொடி ஏதாவது செய்து எண்ணிக்கை இறங்கினால், விஷயம் தெரியாத டாக்டர் மாத்திரையைக் குற்றவாளியாக்கி டோஸைக் குறைத்துவிடுவார். மறைத்ததால் தம்பிக்கு நல்ல மருந்து குறையும்.

வீட்டு வைத்தியம் எல்லாமே தள்ள வேண்டியது என்று நான் சொல்லவில்லை. நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டிக் கொடுக்கும் ஒத்தடத்தை நான் மனதாரச் சொல்வேன். சூடு அந்தக் குழாய்களைத் தளர்த்தும், வலிக்கு இதம். ஐஸ் மட்டும் வைக்கவே கூடாது, குளிரே இவர்களுக்கு எதிரி. ஓசூர்க் காற்றுக்குக் காதைக் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மோர், இளநீர், கேழ்வரகுக் கூழ், சுக்குக் காபி, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பாடு என்ற அளவில் தாராளமாக. கீரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் புது அணு செய்யத் தேவை, அதனால்தான் ஆஸ்பத்திரியிலும் அந்த மாத்திரை தருகிறார்கள். உணவில் இருக்கும் இரும்புக்குப் பயப்பட வேண்டாம்.

பையன் மாத்திரையை வெறுப்பதற்குப் பொடி மட்டும் காரணமாக இருக்காது என்பது என் அனுபவம். அட்டையில் இருக்கும் பெயரை மொபைலில் தட்டினால் "புற்றுநோய் மருந்து" என்று வரும். வந்து கேட்கவும் கூச்சம். ஆம், சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் இதையே தருகிறார்கள். இந்த நோயில் தருவது கருநிலை ஹீமோகுளோபினைக் கூட்டுவதற்காக, அதற்கேற்ற அளவில். வலி நெருக்கடியைக் கிட்டத்தட்டப் பாதி அளவுக்குக் குறைக்கும் என்று 1995இலேயே பெரிய ஆய்வில் நிரூபணமானது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், தினமும் சாப்பிட வேண்டும். சிலருக்கு நகம் கறுக்கும், அதைப் பார்த்து நண்பர்கள் கேட்பார்கள். விந்தணு எண்ணிக்கை குறையலாம் என்பதும் உண்மை. எனவே கல்யாணப் பேச்சு வரும்போது டாக்டரிடம் அதை வெளிப்படையாகப் பேச வேண்டும். இதையெல்லாம் அவனிடம் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவன் அவ்வளவு தூரம் மலை ஏறியிருக்க மாட்டான் என்று தோன்றுகிறது.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது பொடியையும் லேகியத்தையும் டப்பாவோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். டாக்டரிடம் நேராகச் சொல்லத் தயங்கினால் மருந்து கொடுப்பவரிடமோ நர்ஸிடமோ சொல்லட்டும், நாங்கள் எடுத்துச் சொல்கிறோம். சில டாக்டர்கள் திட்டுவார்கள், அதை மறுக்க மாட்டேன். திட்டு வாங்கினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்று அவன் உறுதியாக இருந்தால், பல அரசு ஆஸ்பத்திரிகளில் பட்டம் படித்த சித்த மருத்துவர் அதே வளாகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஹீமோகுளோபின் பிரித்துப் பார்த்த ரிப்போர்ட்டை அவரிடம் காட்டுங்கள். மலை வைத்தியரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இதில் என்னென்ன சரக்கு? செந்தூரமோ பற்பமோ சேர்ந்திருக்கிறதா? நல்ல வைத்தியர் கோபப்பட மாட்டார். ரகசியம் என்றால் வேண்டாம்.

எந்த வைத்தியத்தையும் பொருட்படுத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரங்களும் உண்டு. காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், வாய் கோணினால், ஒரு பக்கம் கை கால் மரத்தால், திடீரென்று வெளிறி இடது வயிறு வீங்கினால், நிலவேம்புக் கஷாயம் காய்ச்சி ஆற வைக்கும் நேரம்கூட வீண். 108ஐக் கூப்பிடுங்கள். இந்த நோயில் பலருக்கு மண்ணீரல் சின்ன வயதிலேயே சரியாக வேலை செய்யாமல் போவதால் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடலாம். அக்காவிடம் பேசக் கூச்சப்படும் இன்னொன்றும் உண்டு, அதனால் இதை அவனையே படிக்கச் சொல்லுங்கள். ஆணுறுப்பு வலியோடு விறைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அதுவும் இதே நோயின் அவசரம்தான். லேகியக்காரரிடம் போகும் விஷயம் இல்லை.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று. தம்பிக்கு நோய் என்றால் அப்பா, அம்மா இருவரும் கடத்துபவர்களாக இருப்பார்கள். நோய் இல்லாத உடன்பிறப்பு கடத்துபவராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. நீங்கள் உங்களுக்குப் பரிசோதனை செய்துகொண்டீர்களா? மாமன் மகனுக்கே கொடுப்பது என்று வீட்டில் பேச்சு இருந்தால் அவருக்கும் சேர்த்துப் பாருங்கள். ஒரு துளி ரத்தம் போதும். தம்பியோடு அடுத்த முறை போகும்போதே கேட்டால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள்.